கிரவுனில் கிடந்த நீலச் சீவல்

ஆம்பூரில் எங்கள் தெருவில் சொந்தமாக நாலு சக்கர வண்டி வாங்கிய முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பத்து வயதில் ஈரத்தோலைத் தலையில் சுமந்தேன். சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று கால் நகங்கள் வெந்து உதிர்ந்திருக்கின்றன. முப்பத்தைந்து வயதில் தோல் பதனிட எனக்கென்று ஒரு டேனரி. சின்னதுதான், ஆனால் என்னுடையது. யார் தூக்கிவிட்டார்கள் என்று கேட்டால் ஒருவரையும் கைகாட்ட மாட்டேன். இந்தப் பேச்சையெல்லாம் கல்யாண வீடுகளில் நான் ஆயிரம் தடவை பேசியிருக்கிறேன். பேசாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த வண்டியின் பின் அச்சில் வந்த சத்தமும், அதனால் நான் இழந்த சினேகிதனும்.

அவனும் நானும் ஒரே டேனரியில், ஒரே தொட்டியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. வீட்டில் உருது, எங்களோடு தமிழ். எனக்கு அவன் பாய், அவனுக்கு நான் தோஸ்த். தோல் நாற்றம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. பதினாறு வயதில் மோட்டார் ஷெட்டுக்குப் போய்விட்டான். நான் தோலில் வளர்ந்தேன், அவன் இரும்பில் வளர்ந்தான். பெங்களூர் ரோட்டோரம் அவன் தனியாக ஷெட் போட்டபோது கூரைக்கு மூங்கில் கொண்டுபோய் இறக்கியவன் நான். என் டேனரிக்கு முதல் தொட்டி கட்டியபோது அவன் மூன்று நாள் தன் ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்து செங்கல் சுமந்தான். யாரையும் கைகாட்ட மாட்டேன் என்று மேலே எழுதினேன். அதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன். என் புத்தி எப்படிப்பட்டது என்று தெரியட்டும்.

எழுபதுகளின் நடுவில், ராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்று வேலூரில் ஒரு தரகரிடம் விலைக்கு வந்தது. டிஸ்போசல் ஜீப் என்று சொல்வோம். தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையை ஏற்றிவர அணைக்கட்டுப் பக்கம் போகவேண்டும், பச்சைத்தோல் பார்க்க குடியாத்தம் சந்தைக்குப் போகவேண்டும், எனக்கு அப்படி ஒரு வண்டிதான் தோது. பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் இன்ஜினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராக வண்டிக்குப் பின்னால் போய்த் தரையில் படுத்துவிட்டான். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி புடைத்துக்கொண்டு ஓர் இரும்புக் குடம் இருக்கும். அதற்குள்தான் கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரமும், பினியன் என்னும் சின்னதும் ஆயிலில் முழுகிக்கொண்டு சுற்றும். அதன் மூடியைத் திருகி, விரலை உள்ளே விட்டு, வந்த ஆயிலைத் தேய்த்து முகர்ந்து பார்த்தான்.

"இன்னா பாய், கொழம்புல உப்பு பாக்குறியா?"

"மரத்தூள் கீதான்னு பாக்குறேன். பல்லு தேஞ்ச வண்டிய விக்கிறவன் இதுக்குள்ள மரத்தூள அள்ளிப் போட்ருவான். ஆயிலோட சேந்து கூழாயிடும். சத்தமே வராது. ஒரு மாசம் பூனை மாதிரி ஓடும். அப்புறம் வாங்கனவன் தலையில கைய வெச்சிக்கினு ரோட்டோரம் குந்தினு இருப்பான்."

"இதுல?"

"தூள் இல்ல. சத்தம் இருக்கும். வாங்கிக்கோ தோஸ்த், நான் இல்லியா?"

சத்தம் இருந்தது. முப்பது மைல் வேகத்தைத் தாண்டினால் பின்னாலிருந்து ஊம் என்று ஒரு முனகல். மிதித்தால் ஏறும், காலை எடுத்தால் கர்ர் என்று குரல் மாறும். எந்த இடத்தில் வருகிறது என்று கண்டுபிடிக்க, பாய் ஜீப்பின் பின்பக்கத் தகட்டில் குப்புறப் படுத்துக் காதை ஒட்டிவைத்துக்கொண்டான். நான் ஓட்டினேன். மின்னூர்ப் பக்கம் ஒரு மாட்டுவண்டிக்காரர் எங்களை மறித்து, பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, பொணமா? எந்த ஊருக்கு?"

பாய் தலையைத் தூக்காமலே சொன்னான். "இன்னும் ஆவல பெரியவரே. இவன் ஓட்ற ஓட்டத்துக்கு வாணியம்பாடி போறதுக்குள்ள ஆயிடும்."

அந்தப் பெரியவர் சிரித்த சிரிப்பில் அவருடைய மாடு மிரண்டது.

பினியன் பேரிங் போய்விட்டது, பல்லும் பல்லும் சரியாகச் சேரவில்லை என்றான் பாய். இரண்டு நாள் பிரித்துப் போட்டு வேலை செய்தான். பல்லின் மேல் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துத் தடவி, கையால் சுற்றி, எந்த இடத்தில் சாயம் அழிகிறது என்று பார்ப்பான். கழற்றுவான், தாள் மாதிரி மெல்லிய தகடு ஒன்றை உள்ளே வைப்பான், மறுபடி தடவுவான், மறுபடி சுற்றுவான். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. நான் பக்கத்தில் ஒரு டயர் மேல் உட்கார்ந்துகொண்டு என் டேனரியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் ம், ம் என்று கேட்டுக்கொண்டே வேலை செய்தான். மூன்றாம் நாள் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பேரும் மேல்விஷாரம் வரைக்கும் சும்மாவே போய், அவன் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

வண்டியை ஓட்டுகிற வேலையை என் தம்பியிடம் கொடுத்திருந்தேன். எனக்குப் பத்து வயது இளையவன். அப்பா இல்லாத குடும்பம், நான்தான் வளர்த்தேன். என் முன்னால் நின்று பேச அவனுக்குப் பயம். அந்தப் பயத்தை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி சத்தம். இந்தத் தடவை ஜாஸ்தி. தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் இருக்கிற என் மனைவி, "உங்க யானை வந்துட்ச்சு" என்பாள். தம்பியிடம் சொன்னேன், வண்டியை பாய் ஷெட்டில் விடு என்று. நாலைந்து நாளில் சத்தம் நின்றுவிட்டது.

"பாய்கிட்ட காட்னியாடா?"

"காட்னேண்ணா. சரி பண்ணிட்டாரு."

நேரில் போய் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். ஏழு நிமிஷ நடை. அந்தச் சமயம் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய கம்பெனியின் ஆள் என் சரக்கைப் பார்க்க வருவதாக இருந்தது. அதே ஞாபகத்தில் திரிந்தேன்.

அந்த மனிதரைக் காட்பாடி ஸ்டேஷனில் நானே போய் அழைத்துக்கொண்டேன். தம்பி ஓட்டினான். மழைபெய்து ஓய்ந்த காலை, ரோடு நன்றாக இருந்தது. என் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் வண்டிக்கு அடியில் இரும்பு முறிகிற ஒரு சத்தம். பின் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு, வண்டி வழுக்கிப்போய் ரோட்டோரப் புளியமரத்தை உரசி நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்த ஆளின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. அவர் ஒன்றும் திட்டவில்லை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "உங்க வண்டிய மாதிரியே உங்க சரக்கும் இருந்தா கஷ்டமாச்சே" என்றார். வேலூர் பஸ்ஸை நிறுத்தி ஏறிப் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

பள்ளிகொண்டாவில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போனோம். கிரவுனைத் திறந்தார்கள். உள்ளே ஆயில் என்று ஒன்று இல்லை. களி மாதிரி கறுப்பாக ஏதோ பிசின் பிசினாக வந்தது. அங்கிருந்த மெக்கானிக், "யாரோ உங்களுக்கு நல்லா குல்லா போட்டுட்டாங்க சார்" என்றார். ஒரு பிடி அள்ளி மண்ணெண்ணெயில் அலசினேன். அலச அலசக் கறுப்பு கரைந்து நீலம் வந்தது.

மரத்தூள் இல்லை. தோல் சீவல். குரோம் போட்டுப் பதனிட்ட தோலை மிஷினில் சீவும்போது விழுகிற நீலச் சீவல்.

தோல் விஷயத்தில் என்னை ஏமாற்ற இந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. ஒரு துணுக்கைக் கையில் கொடுத்தால் எந்த ஊர்ச் சரக்கு, எந்த டேனரி என்று சொல்லிவிடுவேன். பந்தயம் கட்டியே சொல்லியிருக்கிறேன். என் டேனரியில் அப்போது வெறும் பட்டைத்தோல்தான், எல்லாம் பழுப்பு நிறம். நீலம் கிடையாது. இந்த நீலம், இவ்வளவு மெல்லிய சுருள், சீவலின் நுனியில் லேசாகக் கிழிசல். ஒரே ஒரு மிஷின்தான் அப்படிச் சீவும், அதன் பிளேடு ஒரு பக்கம் மழுங்கியது. அந்த மிஷின் இருந்த டேனரி, பாயின் ஷெட்டுக்குப் பின்புறச் சுவரை ஒட்டியது. சீவல் குவியல் அவன் ஷெட்டின் பின்வாசலைத் தொட்டுக்கொண்டு கிடக்கும்.

என் கணக்கு சரி. சீவல் அந்தக் குவியலிலிருந்து வந்ததுதான். இன்றைக்கும் சொல்வேன். யார் கை அதை அள்ளியது என்பதைச் சீவல் சொல்லாது. அது எனக்குத் தோன்றவில்லை.

நீலச் சீவலை ஒரு செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் பிடித்து நேராக அவன் ஷெட்டுக்குப் போனேன். மத்தியானம். ஐந்தாறு லாரிக்காரர்கள் வண்டி வேலைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். பாய் ஒரு லாரிக்கு அடியில் இருந்தான். என் செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்து, "வா தோஸ்த், டீ சொல்லவா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தான். பொட்டலத்தை அவன் காலடியில் விசிறினேன்.

"இது இன்னா?"

குனிந்து எடுத்துப் பார்த்தான். முகர்ந்தான். அவன் முகம் மாறியது. குற்றவாளியின் முகம் என்று நான் அப்போது நினைத்தேன்.

"உன் கிரவுன்லியா இருந்துச்சு?"

"தெரியாத மாதிரி கேக்குற பாரு! ஒன்றரை வருசத்துக்கு முன்னாடி நீ பாத்த வேலை புட்டுக்கிச்சு. மறுபடி பிரிக்க வலிச்சிச்சு உனக்கு. கொல்லப்பக்கம் கைய நீட்டினா சீவல் கெடக்குது, அள்ளிப் போட்டு வாயை மூடிட்ட. இன்னிக்கு நாங்க மூணு பேர் செத்திருப்போம்டா!"

லாரிக்காரர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றுவிட்டார்கள்.

"மெதுவா பேசு. வண்டிய கொண்டாந்தப்ப நான் இன்னா சொன்னேன்னு உன் தம்பிய கேட்டியா?"

"என் தம்பிய இழுக்காத! அவன் என் ரத்தம். மாட்டிக்கினதும் அடுத்தவன் மேல போட்ற பாரு, அதான் உன் புத்தி."

   பாய் அந்தப் பொட்டலத்தை மடித்து ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டி மேல் வைத்தான்.

"சரி. நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் லாரிக்கு அடியில் போய்விட்டான்.

அதோடு விட்டேனா? என் வாய் விடவில்லை. டீக்கடையில் சொன்னேன், தோல் மண்டியில் சொன்னேன், சந்தையில் சொன்னேன். சீவல் பாய் என்று நானே ஒரு பெயர் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கைதட்டு வாங்கப் பிடிக்கும். வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரைக்கும் ஒரே ரோடு, அந்த ரோட்டில் ஓடுகிற வண்டிகள்தான் அவன் பிழைப்பு. வண்டியின் வயிற்றைத் திறந்து ஒருவனை நம்பி விடுகிற தொழில் அது. இந்தப் பேச்சை அவன் ஒரு வருஷம் தாங்கியிருப்பான். பிறகு ஷெட்டைக் காலிபண்ணிவிட்டு, குடும்பத்தோடு ராணிப்பேட்டைக்குப் போய், யாரோ ஒருவருடைய ஷெட்டில் கூலிக்குச் சேர்ந்துவிட்டான் என்று சொன்னார்கள். போகட்டும் என்றேன். பொய்யனுக்கு அதுதான் என்றேன். ஜீப்புக்கு வேறொரு வண்டியிலிருந்து முழுப் பின் அச்சையே கொண்டுவந்து மாட்டினேன்.

எட்டு வருஷம் போயிற்று. எண்பதுகளில் நாங்களும் குரோமுக்கு மாறிவிட்டோம், என் டேனரி வாசலிலும் நீலச் சீவல் குவிந்து கிடந்தது. என் மகளுக்கு நிச்சயதார்த்தம். சாப்பாடு முடிந்து சம்பந்தி வீட்டார் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கோபத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. தம்பி நல்ல உற்சாகத்தில் இருந்தான். நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தான்.

"அண்ணனுக்கு பயந்து நான் பண்ண வேலை தெரியுமா உங்களுக்கு? ஜீப்ல திருட்டுத்தனமா கருங்கல் லோடு அடிச்சேன். ஆயில் ஒழுகி, பல்லெல்லாம் போயி ஒரே சத்தம். பாய்கிட்ட போனா, 'ரெண்டு நாள் விட்டுட்டுப் போ, பிரிக்கணும், உங்க அண்ணன்கிட்ட நானே பக்குவமா சொல்றேன்'றாரு. சொன்னா சாவிய புடுங்கிடுவாரே! பாய் தொழுகைக்குப் போற நேரமா பாத்து, ஷெட்டுக்குப் பின்னாடி போயி, ரெண்டு கை சீவல அள்ளி உள்ள போட்டு மூடிட்டேன். பூனை மாதிரி ஓடுச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று பிறகு என் மனைவி சொன்னாள். எனக்கு ஞாபகமில்லை. எழுந்து பின்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பாய்க்கு நீதான் என்று தெரியுமா?

"பொட்டலத்த பாத்தப்பவே தெரிஞ்சிருக்கும்ணா. அடுத்த நாளு என்ன ரோட்ல பாத்தாரு. 'நான் சொன்னா உங்க அண்ணன் உன்ன வீட்ட விட்டே தொரத்திடுவான். அண்ணன் தம்பிய பிரிச்ச பாவம் எனக்கு வேணாம். நீயா போயி சொல்லு'ன்னாரு. சொல்லலாம் சொல்லலாம்னு இருந்தேன். நீ பேர் வெச்சி, ஊரெல்லாம் சிரிச்சி… அப்புறம் எப்படிண்ணா சொல்றது?"

அவனை அடிக்கக் கை எழவில்லை. அவனுக்கு அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்தவன் நான்.

மூன்று ராத்திரி நான் தூங்காமல் திண்ணையில் கிடந்தேன். நாலாம் நாள் என் மனைவி சட்டையை எடுத்து நீட்டினாள். "போயி அந்த மனுசன் கைய புடிச்சி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் தூக்கம் வரும்."

ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டு ராணிப்பேட்டைக்குப் போனேன். ஷெட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. பாய்க்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்றான்.

"வாங்க முதலாளி."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தை அந்த இடத்தில் போயிற்று. "பின்னாடி சத்தம் வருது" என்றேன்.

பொய். ஊசி விழுகிற சத்தம்கூட அந்த அச்சில் கிடையாது.

"போலாம், ஓட்டுங்க" என்று பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

பாலாற்றுப் பாலத்தை நோக்கி ஓட்டினேன். வெயில். இரண்டு பக்கமும் டேனரிச் சுவர்கள், அந்த நாற்றம். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு வந்தான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு லாரி வழி கேட்டது, விட்டேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே கேட்டான்.

"வீட்ல சௌக்கியமா?"

"சௌக்கியம். பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சு."

"சந்தோசம்."  பிறகு, "தம்பி எப்படி இருக்காரு?"

காலி ரோட்டில் தேவையில்லாமல் ஹாரனை அடித்தேன். அவன் கண்ணைத் திறந்து ரோட்டைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"நல்லா இருக்கான்" என்றேன்.

பாலத்துக்கு முன்னால், "நிறுத்துங்க" என்றான். நிறுத்தினேன்.

"சத்தம் இல்லியே முதலாளி."

"கொஞ்சம் ஓட்னா வரும்."

"வராது. பேரிங் நல்லா கீது, பல்லு நல்லா கீது." இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.  "வேற எதுனா சொல்லணுமா?"

அவனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வழி திறந்துகொடுத்துக் காத்திருக்கிறான். ஊரையே கூட்டி வைத்துப் பேசிய வாய் இது. கல்யாண வீட்டில் மைக் இல்லாமல் கடைசிப் பந்திவரைக்கும் கேட்கிற குரல்.

"இல்ல" என்றேன். "வேற ஒண்ணும் இல்ல."

அவன் இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினான்.

"ஏறு பாய், ஷெட்ல விட்டுட்றேன்."

"பரவால்ல முதலாளி. நடந்துட்றேன்."

அரை மைல் இருக்கும். அந்த வெயிலில் ரோட்டோரமாக நடந்து போனான். வண்டியைத் திருப்பி அவனைத் தாண்டித்தான் நான் போகவேண்டும். முடியவில்லை. அவன் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான் என்று தோன்றுகிற வரைக்கும் இன்ஜினை அணைக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. இரண்டு வருஷத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டான். எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

ராணிப்பேட்டையிலிருந்து அன்றைக்கு நான் வீட்டுக்குத் திரும்பியபோது என் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"பழசெல்லாம் எதுக்கு தோஸ்த்துன்னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள்.